மீன்காரிக்கு எதற்கு மரியாதை

பமாக்கோ
அக்டோபர் 9

என் அன்புள்ள மீன் நாற்றமே,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. மருத்துவச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மொப்தித் துறையில் கருவாட்டுக் கடை போட்டுவிட்டாய். நீ பேரம் பேசுகிற சத்தம் பமாக்கோ வரைக்கும் கேட்கிறது. உங்கள் பக்கத்துக் கைபேசிக் கோபுரத்தைத் துப்பாக்கியோடு திரிகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் மறுபடியும் எரித்துவிட்டார்களாம். பஸ் டிரைவர் சொன்னான். அதனால்தான் கடிதம். கூடவே ஒரு பை உலர்ந்த வெங்காய உருண்டை அனுப்புகிறேன், என் தம்பி அம்பெரே எங்கள் ஊர் பெகுருவிலிருந்து கொடுத்துவிட்டது. உன் குழம்புக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது ருசி வரட்டும்.

ஓய்வுபெற்றவனுக்கு மதியத் தூக்கம்தான் உத்தியோகம். நேற்று மாமரத்தடியில் கண்ணயர்ந்தேன். ஆறு எங்கள் முற்றத்துக்குள் வந்துவிட்டது. அவசரமே இல்லாமல், விருந்தாளி மாதிரி வந்தது. தண்ணீர்த் தொட்டிக்கும் மரத்துக்கும் நடுவே உன் அப்பாவின் நீளப் படகு போயிற்று. என்னோடு வடக்கே சண்டைக்கு வந்து திரும்பாத பையன்கள் அதில் வரிசையாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நீ முனையில் நின்று கழி ஊன்றிக்கொண்டிருந்தாய், பள்ளிக்கூடத்து நீலச் சட்டையோடு. ஏறிக்கொள் என்று சொல்வாய் என நினைத்தேன். சொல்லவில்லை. விழித்த பிறகும் செருப்பு நனைந்திருப்பதாகவே வெகுநேரம் தோன்றியது.

ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் இளம் அதிகாரிகளுக்குப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பயங்கரவாதத்துக்கு நாம் என்ன பதில் தருவது என்பது தலைப்பு. நான் எழுதி வைத்திருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊருக்குள் நுழைந்து நாலு பேரைச் சுட்டுவிட்டுப் போகிறவன் அந்த நாலு பேருக்காக வரவில்லை. மறுநாள் நாம் என்ன செய்வோம் என்பதற்காக வருகிறான். நாம் ஆத்திரத்தோடு கிளம்பிப் போய்ப் பக்கத்து ஃபுலானி மேய்ப்பர்களின் குடியிருப்பைக் கொளுத்தினால் அவன் வேலையை நாமே முடித்துக் கொடுக்கிறோம். மாடு மேய்க்கிறவன் ஒருவனைக் காரணமில்லாமல் அறைந்தால் அவன் தம்பிகளை எல்லாம் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிடுகிறோம். துப்பாக்கியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயுள் முழுக்க அதைத் தூக்கியவன். ஆனால் சரியான ஆளைத் தேடிப் பிடிக்கிற பொறுமை இல்லாதவன் அதைத் தொடக் கூடாது. ஊருக்கு ஒரு நீதிபதி வரவேண்டும், பள்ளிக்கூடம் திறக்கவேண்டும், ராணுவ வண்டியைப் பார்த்தால் குழந்தைகள் ஓடி ஒளியாமல் இருக்கவேண்டும்.

படித்துவிட்டு எழுது. என்னை ஏளனம் செய்ய உன்னைவிடத் தேர்ந்தவர் மாலி தேசத்தில் கிடையாது.

உன் எஜமானன்,
கர்னல் அதிமே கிந்தோ (ஓய்வு)


மொப்தி
அக்டோபர் 20

டேய் தொடைக்கறி தின்னி,

கடிதம் வந்தது. வெங்காயமும் வந்தது. வெங்காயத்தில்தான் விஷயம் அதிகம்.

பேச்சை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பாதியில் தூங்கிவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, கர்னல் ஐயா. ஆனால் ஒன்றை விட்டுவிட்டாய். உன் இளம் அதிகாரிகளில் பாதிப் பேர் பட்டணத்துப் பிள்ளைகள், அவர்களுக்கு இதை யார் சொல்வது? அந்தக் காலத்துப் பஞ்சத்தில் உங்கள் தோகோன் இனத்துப் பிள்ளை ஒன்று பசியில் மயங்கி விழுந்தது. எங்கள் போசோ மூதாதை தன் தொடையை அறுத்துச் சுட்டு, மீன் என்று பொய் சொல்லி அதற்கு ஊட்டினான். அன்றைக்குப் போட்ட சத்தியம். தோகோன்காரன் போசோ ரத்தத்தைச் சிந்தக் கூடாது, போசோக்காரன் தோகோன் ரத்தத்தைச் சிந்தக் கூடாது. ஒருவர் கேட்டதை மற்றவர் மறுக்கக் கூடாது. ஒருவர்மேல் ஒருவர் கோபப்படக் கூடாது. இஷ்டம்போலத் திட்டிக்கொள்ளலாம், யார் யாருக்கு அடிமை என்று சாகும்வரை சண்டை போடலாம். ஆனால் கல்யாணம் மட்டும் கூடாது. இந்தச் சத்தியத்தால் இத்தனை தலைமுறையாக உங்களுக்கும் எங்களுக்கும் ஒரு கைகலப்புகூட வந்ததில்லை. இதைச் சொல்லாமல் நீதிபதி வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்கிறாய்.

உன் கனவில் நான் ஏறிக்கொள் என்று ஏன் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியும். நம் இருவரையும் ஒரே படகு தாங்காது என்று அந்தத் தொடைக்காரர்கள் முடிவு செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உனக்கும் எனக்கும் வெவ்வேறு இடத்தில் கல்யாணமாகி, இரண்டு பேருமே தனியாகி, இப்போது கனவில் வந்து கேட்டால் நான் என்ன செய்ய.

இங்கே வெள்ளம் உச்சத்தில் இருக்கிறது. காலையில் பனி மூடினால் ஆறு எது, ஆகாயம் எது என்று தெரிவதில்லை. படகுகள் அந்தரத்தில் வருகின்றன. நேற்று அப்படித்தான் ஹம்மா வந்தான். உனக்குத் தெரிந்தவன்தான், வூரோ யேரோ என்கிற ஃபுலானிக் குடியிருப்பின் தலைவன். அம்பெரேயின் மாடுகளை மேய்க்கிறானே, அவன். ஒரு செம்புப் பாலை என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவன் பிள்ளைகள் எல்லோரும் என் கையில் பிறந்தவர்கள். கடைசிப் பையன் பூபா மழைக்காலத்திலேயே வீட்டைவிட்டுப் போய்விட்டானாம். மோட்டார் சைக்கிளில் பார்த்ததாக யாரோ சொன்னார்களாம். ஹம்மா அவன் பெயரைச் சொல்லவே மாட்டேன் என்கிறான். பூபாவின் மனைவிக்கு இது ஏழாம் மாதம். இந்தப் பூபாவுக்கு என்ன பதில் என்று உன் பேச்சில் தேடினேன், அதிமே. கிடைக்கவில்லை.

உன் எஜமானி,
யாயே


பமாக்கோ
நவம்பர் 2

அடியே வழவழ கெளுத்தி,

பேசி முடித்துவிட்டேன். தொடைக்கறிக் கதையைச் சொன்னபோதுதான் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்தார்கள். கல்லூரித் தலைவருக்கு ரொம்பப் பிடித்துப்போய் வானொலிக்குச் சொல்லிவிட்டார். மறுநாள் வானொலிக்காரர்கள் வந்து அதையே மறுபடி பேசச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போனார்கள். ஊரில் அம்பெரே பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூட்டி வைத்துக் கேட்டானாம். அவன் மகன் தோமோ மட்டும் பாதியில் எழுந்து போய்விட்டானாம். இளவட்டம், ரத்தம் கொதிக்கிற வயது.

பூபாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். என் பதில் இது. ஆயுதத்தோடு எதிரே வந்தால் சுடுவேன். ஆயுதத்தைக் கீழே வைத்தால் சோறு போடுவேன், அதன்பிறகு நீதிபதியிடம் ஒப்படைப்பேன். எது நடந்தாலும் அவன் அப்பனைத் தொடமாட்டேன், அவன் வீட்டைத் தொடமாட்டேன். இதில் எனக்குத் துளியும் குழப்பம் இல்லை.

ஆறு மறுபடி முற்றத்துக்கு வந்தது. இந்தத் தடவை படகில் ஆளே இல்லை. நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன். யாரையும் கேட்கவில்லை. அது மெல்லச் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கோழிகளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, எனக்கும் இறங்கத் தோன்றவில்லை.

உன் எஜமானன்,
அதிமே


பெகுரு
நவம்பர் 24

மதிப்பிற்குரிய யாயே அம்மையார் அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்களுக்குத் தெரிவிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. என் தம்பி அம்பெரே கம்பு அறுவடையின்போது வயலிலேயே கொல்லப்பட்டான். அறுக்க வந்த கூலிக்காரர்கள் இருவரும் அவனோடு இறந்துபோனார்கள். அறுத்த கதிரைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள், அதன் மேலேயே கிடந்தார்கள். நான் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

மோட்டார் சைக்கிள் தடங்கள் வூரோ யேரோ பக்கம் போகின்றன. அதே வாரத்தில் தம்பியின் மாடுகளோடு ஹம்மாவும் காணாமல் போனான். இதற்கு மேல் ஊரில் யாருக்கும் அத்தாட்சி தேவைப்படவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

நான் வந்த அன்றே ஊர்ப் பையன்கள் முற்றத்தில் வந்து கூடினார்கள். தோமோ அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருக்கிறான். என் முன்னால் வந்து நின்று அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பெரியப்பா, நீங்க ரேடியோல பேசினதை எங்க அப்பா ஊரையே கூட்டிவச்சுக் கேட்டாரு. எங்க அண்ணன் எப்படிப் பேசுறாரு பாத்தியான்னாரு. இப்ப அவருக்கு என்ன பதில்னு நீங்களே சொல்லுங்க." வானொலியில் பேசியதெல்லாம் சரிதான். ஆனால் அதைப் பேசியவனுக்குத் தம்பி உயிரோடு இருந்தான்.

பையன்களுக்கு நான் துப்பாக்கிப் பயிற்சி கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். தாங்கள் இது விஷயமாக என்னிடம் எதையும் கேட்கவேண்டாம். தாங்கள் சத்தியத்தின் பேரால் ஒன்றைக் கேட்டால் மறுப்பதற்கு எனக்கு உரிமை இல்லை. ஆகையால் கேட்காமல் இருக்கும்படி தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அதிமே கிந்தோ


மொப்தி
டிசம்பர் 1

அதிமே,

அம்மையார் என்று எழுதியிருக்கிறாய். தாங்கள் என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு துறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூடைக்காரிகள் வந்து, யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டார்கள். ஆமாம், இரண்டு பேர் என்று சொன்னேன். ஒருவன் அம்பெரே. இன்னொருவனுக்கு நான் யார் என்பதே மறந்துவிட்டது. மீன்காரிக்கு எதற்குடா மரியாதை?

உங்கள் வீட்டுச் சாவுக்குப் போசோ ஆள் வரவேண்டும் என்பது உனக்குத் தெரியாதா. நான் வந்து பிணத்தின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, எழுந்திருடா சோம்பேறி, எனக்குத் தரவேண்டிய வெங்காயத்தைக் கொடுத்துவிட்டுச் செத்துப்போ என்று கத்தியிருப்பேன். அழுதுகொண்டிருக்கிறவர்கள் சிரித்திருப்பார்கள். உங்கள் அப்பா போனபோது எங்கள் அம்மா வந்து செய்தாளே, நீகூடத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாயே. அம்பெரேவுக்கு அதைச் செய்ய என்னைக் கூப்பிடவில்லை. அவனைச் சிரிப்பில்லாமல் அனுப்பிவிட்டீர்கள். அதை நினைத்துத்தான் எனக்கு ரொம்ப ஆத்திரமாக இருக்கிறது. சின்ன வயதில் உன் பின்னாலேயே வந்து எங்கள் படகுக் கயிற்றை அவிழ்த்துவிட்டுவிட்டு ஓடுவான். நான் அவனுக்காக அழுதேன், இன்னும் அழுகிறேன்.

நான் அறிந்ததைச் சொல்கிறேன், நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். அம்பெரேயின் மாடுகளை நான் பார்த்தேன். வெள்ளம் வடியத் தொடங்கியதும் மந்தைகள் எங்கள் கரையில்தான் ஆற்றைக் கடக்கும். காது நுனியில் உங்கள் குடும்ப வெட்டு உள்ள மாடுகள் ஹம்மாவின் மந்தையோடு நீந்திப் போயின. ஹம்மா கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். நான் படகைப் பக்கத்தில் விடச் சொல்லி என்ன அவசரம் என்று கேட்டேன். "அம்பெரே போயிட்டான். இனிமே நான் பெகுரு பக்கம் தலைகாட்டினா என்னைக் கொன்னுடுவாங்க. மாட்டைப் புல் இருக்கிற இடத்துல விட்டுட்டு நான் வூரோ யேரோவுக்கே திரும்பிடுவேன். என் பொண்டு பிள்ளைங்க அங்கதான் இருக்கு" என்றான். மாடுகளைத் தோமோவிடம் ஒப்படைக்கும்வரை ஒன்றையும் விற்கமாட்டேன் என்றும் சொன்னான்.

பூபாவைப் பற்றியும் ஒளிக்கமாட்டேன். அந்த வயலுக்கு வந்தவர்களில் அவன் இருந்தானா என்று ஹம்மாவிடம் கேட்டேன். தெரியாது என்றான். தெரியாது என்று சொல்லும்போது தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். இருந்திருக்கலாம், அதிமே. இருந்திருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

நான் எதையும் கேட்கவில்லை. பக்கம் முழுவதும் எழுதியாயிற்று, பார், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

யாயே


பெகுரு
டிசம்பர் 12

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் அனுதாபத்துக்கு நன்றி.

பாலைக்காற்று தொடங்கிவிட்டது. புழுதியில் பத்தடி தள்ளி நிற்பவன் தெரிவதில்லை. முதலில் கால்கள் வருகின்றன, பிறகு ஆள் வருகிறான். பையன்கள் நன்றாகத் தேறிவிட்டார்கள். நான் முற்றத்து மணலில் வூரோ யேரோ குடியிருப்பை வரைந்து காட்டினேன், கிணறு எங்கே, மாட்டுப் பட்டி எங்கே, ஹம்மாவின் குடிசை எங்கே என்று. என் கை தன்பாட்டில் வரைந்துகொண்டு போயிற்று. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிறபோது வருகிற நிம்மதி எனக்கு வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

மாடுகளைப் பற்றித் தாங்கள் எழுதியதைத் தோமோவிடம் சொன்னேன். திருடன் ஆற்றைக் கடப்பது புதிதா என்று கேட்டான்.

அடுத்த சந்தைக்கு மறுநாள் காலையில் புறப்படுகிறோம். இதன்பிறகு தாங்கள் எழுதவேண்டாம். எனக்கு இப்போது கனவுகள் எதுவும் வருவதில்லை.

இப்படிக்கு,
அதிமே கிந்தோ


வூரோ யேரோ
டிசம்பர் 19

டேய் வெங்காயத் தலையா, மலையிலிருந்து உருண்டு விழுந்த மொட்டைக் கல்லே, என் அடிமைக்குப் பிறந்த அடிமையே,

எப்போது புறப்படுகிறோம் என்று எதிர்த்தரப்பின் மருத்துவச்சிக்கு எழுதித் தெரிவித்த கர்னலை நான் இதுவரைக்கும் கேள்விப்பட்டதில்லை. ராணுவத்தில் உனக்கு எப்படிப் பதக்கம் கொடுத்தார்களோ. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். அதிமே தெரியாமல் எழுதிவிட்டானா, தெரிந்தே எழுதினானா என்று. இரண்டில் எது என்றாலும் பெட்டியைக் கட்டவேண்டியது நான்தான் என்று தோன்றிற்று.

ஆகவே இங்கே வந்திருக்கிறேன். படகில் பாதி வழி, அதற்கப்புறம் கழுதை வண்டி. வண்டியிலேயே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது புழுதிக்குள் ஒரு புளியமரம் மட்டும் நின்றது, அதன்கீழே ஹம்மா நின்றான். செத்த பிறகு போகிற இடம் இதுதானோ என்று நினைத்தேன். அப்புறம் ஒரு ஆடு என் முக்காட்டைக் கடித்தது, உயிரோடுதான் இருக்கிறேன் என்று தெரிந்தது.

பூபாவின் மனைவிக்கு நேற்று பிள்ளை பிறந்தது. அவளை அசைக்க முடியாது என்பதால்தான் யாரும் இங்கிருந்து ஓடவில்லை. இளைஞர்கள் மாட்டோடு போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது கிழவர்கள், பெண்கள், குழந்தைகள், கன்றுக்குட்டிகள். பிறந்தது ஆண் பிள்ளை. தலை நிறைய முடி. வெளியே வந்ததும் கத்தவே இல்லை, எங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டது.

பிரசவம் முடிந்தபின் சும்மா உட்கார முடிகிறதா? கொண்டுவந்த மீனைப் புகை போட ஆரம்பித்துவிட்டேன். பெகுருவிலிருந்து வருகிற பாதை குடியிருப்புக்குள் நுழைகிற இடத்தில், அந்தப் புளியமரத்தடியில் அடுப்பு வைத்திருக்கிறேன். பக்கத்தில் பாய் விரித்திருக்கிறேன். அங்கேதான் இருப்பேன், அங்கேதான் தூங்குவேன். ஹம்மா காலையும் மாலையும் பால் கொண்டுவந்து வைக்கிறான். உள்ளே வந்து படுங்கள் என்று கெஞ்சுகிறான். போசோக்காரிக்கு வெளிக்காற்று இல்லாமல் தூக்கம் வராது என்று சொல்லிவிட்டேன்.

உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை, அதிமே. நீ கேட்காதே என்று சொன்னாய், நான் கேட்கவில்லை. வந்தேன், உட்கார்ந்திருக்கிறேன், மீன் புகைக்கிறேன், அவ்வளவுதான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். உன் பையன்களுக்கு நான் யாரென்று தெரியாது. மோட்டார் சைக்கிள்காரர்கள் வந்தாலும் அவர்களுக்கும் தெரியாது. தெரிந்தவன் நீ ஒருவன்தான். சந்தையிலிருந்து திரும்புகிற உங்கள் ஊர் வெங்காயக்காரியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவளை நன்றாகத் திட்டித்தான் அனுப்புகிறேன், அவளும் என்னைத் திட்டினாள். மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

உன் எஜமானி,
யாயே


பெகுரு
டிசம்பர் 22

யாயே,

உன் கடிதம் கைக்கு வந்தபோது நாங்கள் ஏற்கெனவே பாதி வழியில் இருந்தோம். வெங்காயக்காரி ஊருக்குப் போய், நாங்கள் புறப்பட்டுவிட்டோம் என்று தெரிந்து, திரும்பி ஓடி வந்திருக்கிறாள். மூச்சிரைக்க என் கையில் கொடுத்தாள். நான் அதைப் பிரிக்கவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பிரித்தால் நடக்க முடியாது என்று தெரியும்.

குடியிருப்புக்கு மேலே அந்தப் பாறை மேட்டில் போய்ப் படுத்தோம். புழுதியில் குடிசைகள் மிதந்துகொண்டிருந்தன. தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்ததும் முதலில் தெரிந்தது புகை. பிறகு நீ தெரிந்தாய். விசிறியால் அடுப்பை விசிறிக்கொண்டு, வாய் ஓயாமல் யாரையோ திட்டிக்கொண்டு இருந்தாய். சத்தம் கேட்கவில்லை. எதிரே ஒரு கிழவன் செம்போடு நின்றான். ஹம்மாதான். சிரித்துக்கொண்டிருந்தான். என் தம்பி செத்திருக்க இவன் சிரிக்கிறானே என்று எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. யாயே, நீ அங்கே இல்லாதிருந்தால் அந்த நிமிஷமே சுடச் சொல்லிக் கையைக் காட்டியிருப்பேன்.

தோமோ என் பக்கத்தில் ஊர்ந்து வந்தான். அது யார் என்று கேட்டான். போசோ என்றேன். தோமோவுக்குச் சத்தியம் தெரியும், எல்லோருக்கும் தெரியும், பால் குடிக்கும்போதே கேட்டு வளர்ந்தவர்கள். ஒரு பையன் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய் இறங்கலாம் என்றான். "நீங்க அந்தப் பக்கம் போனா அவ அடுப்பைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் வந்து உக்காருவா. எனக்கு அவளைத் தெரியும்" என்று சொன்னேன். ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு வந்ததும் எல்லாம் கலைந்துபோயிற்று. நான் கவிழ்ந்து படுத்திருந்தவன் எழுந்து, அவர்களுக்கும் குடியிருப்புக்கும் நடுவில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

தோமோ மட்டும் சிரிக்கவில்லை. அவன் சொன்னது இது. "ரேடியோல ஒண்ணு சொன்னீங்க பெரியப்பா. எங்ககிட்ட வேற ஒண்ணு சொன்னீங்க. இப்ப மீன்காரியைப் பாத்ததும் மூணாவதா ஒண்ணு. எங்க அப்பா செத்தது இதுல எதுல சேர்த்தி?" எழுந்து அவனைத் தொடப் போனேன். அவன் பின்னால் நகர்ந்துவிட்டான். பாதிப் பேர் என்னோடு ஊர் திரும்பினார்கள். மீதிப் பேரோடு அவன் சமவெளிக்கு இறங்கிப் போய்விட்டான். அங்கே எங்கள் இனத்தாரின் இன்னொரு ஆயுதக் கூட்டம் இருக்கிறது, அவர்களுக்கு ஆள் வேண்டும். தம்பி போய்விட்டான், தம்பி மகனும் போய்விட்டான். தம்பி மனைவி வாசல் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தானியக் குதிர் நிழலில் உட்கார்ந்துதான் உன் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன், இப்போது எழுதுவதும் அங்கேதான்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அதை நீ தெரிந்துகொள்ளவேண்டும். என் தம்பியைக் கொன்றவர்களுக்கு வழி காட்டியவன் அந்தப் பால் செம்புக்காரனாகவே இருக்கலாம். இனி எனக்கு அது ஒருநாளும் தெரியப்போவதில்லை. அந்தத் தெரியாமையோடு நான் சாகவேண்டும். நீதான் அதை எனக்குக் கொடுத்திருக்கிறாய்.

ஆனால் இன்னொன்றும் இப்போது தெரிகிறது. நீ கேட்டிருந்தால் நான் மறுத்திருப்பேன், யாயே. சத்தியத்தின் பேரால் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பேன். அந்த அளவுக்கு வந்துவிட்டிருந்தேன். தலைமுறை தலைமுறையாக யாரும் மீறாததை மீறின தோகோன்காரன் என்று என் பேர் ஆகியிருக்கும். அது உனக்குத் தெரிந்துதான் நீ வாயைத் திறக்காமல் கழுதை வண்டியில் ஏறியிருக்கிறாய். அதை நினைத்தபோது இந்தக் குதிர் அடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அம்பெரேவுக்காக அழாத அழுகையும் அதிலேயே வந்தது.

இனி நடக்கவேண்டியது. தோமோவை நான் பயிற்றுவித்திருக்கிறேன், அவன் பொறுமைசாலி. நீ எழுந்து மொப்திக்குக் கிளம்புகிற நாளுக்காகக் காத்திருப்பான். நீ எத்தனை நாள்தான் அந்த மரத்தடியில் கிடப்பாய்? உனக்கு முதுகுவலி இருக்கிறது. ஆகவே நானும் வருகிறேன். பெரியப்பனைத் தாண்டி அவன் வரமாட்டான் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான், நிச்சயமாகத் தெரியாது. துப்பாக்கியை அம்பெரேயின் வீட்டில் வைத்துவிட்டேன். பயங்கரவாதத்துக்குப் பதில் ஒரு கிழவனும் ஒரு கிழவியும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பது என்று கல்லூரியில் போய்ச் சொன்னால் என்னை மேடையிலிருந்து இறக்கிவிடுவார்கள். எனக்கும் இது பதிலாகத் தெரியவில்லை. வேறு ஒன்றும் எனக்கு இப்போது செய்யத் தெரியவில்லை என்பதால் வருகிறேன்.

ஹம்மாவிடம் சொல்லிவை. அவன் பால் நீட்டினால் நான் வாங்குவேனா என்று தெரியாது, அவன் முகத்தைப் பார்ப்பேனா என்றும் தெரியாது. அந்தக் குழந்தையை என் பக்கம் தூக்கிக்கொண்டு வரவேண்டாம் என்று அவர்களிடம் சொல். இரண்டு மூன்று நாள் போகட்டும்.

வெங்காயக்காரி இந்தக் கடிதத்தோடு முன்னால் வருகிறாள், நாளை மதியத்துக்குள் நானும் வந்துவிடுவேன். எனக்கும் ஒரு பாய் போட்டுவை. உன் பாய்க்கும் அதற்கும் நடுவில், பார்க்கிறவர்கள் வாயை மூடிக்கொள்ளும் அளவுக்கு இடம் விட்டுப் போடு. அதற்கு மேல் ஒரு சாண்கூட விடாதே.

அதிமே